மூட்டையில் ஒரு திகதி, கூட்டில் ஒரு திகதி

கினிப்பன்றி அறைக்குள் காலையில் நுழைகிறவர் எவராயினும் முதலில் கேட்பது அவற்றின் கீச்சொலியைத்தான். தீவன வாளியின் மூடி திறபடும் ஓசை கேட்டதும் எல்லாக் கூடுகளிலிருந்தும் ஒன்றாக எழும் அந்தச் சத்தம் வெளியே விறாந்தையில் நிற்பவருக்கும் கேட்கும். கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தின் விலங்குப் பிரிவில் தொழினுட்ப உத்தியோகத்தராக நான் சேர்ந்து பன்னிரண்டாவது ஆண்டில், ஒரு திங்கட்கிழமை காலை, வாளியைத் திறந்தபோது பாதிச் சத்தம்தான் எழுந்தது. கூடுகளைப் பராமரிக்கும் அண்ணன் ஹற்றனிலிருந்து வந்து அங்கே எனக்கு முன்பிருந்தே வேலை செய்பவர். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கூட்டின் முன்னால் குந்தியிருந்தார். "மிஸ், இது எழும்புதில்ல. கால தொட்டாலே கத்துது," என்றார்.

உள்ளே ஒரு சினைப் பெட்டை மரச்சீவலின் மேல் உடலைக் குறுக்கிக்கொண்டு கிடந்தது. பின்னங்கால் மூட்டுகள் இரண்டும் வீங்கியிருந்தன. உரோமம் பளபளப்பை இழந்து சிலிர்த்து நின்றது. நான் மெல்லத் தூக்கியபோது அது எழுப்பிய ஓலம் பசிக்குக் கத்தும் ஓலமன்று. உதட்டை விலக்கிப் பார்த்தேன். முன்பற்களைச் சுற்றி ஈறு சிவந்து கசிந்திருந்தது. அடுத்த மூன்று கூடுகளிலும் இதே நிலையைக் கண்டபோது தொற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் முதலில் வந்தது. அண்ணன்தான் அமைதியாகச் சொன்னார்: "புல்லு, கீரை நிப்பாட்டி ரெண்டு மாசமாச்சு மிஸ்."

கீரையை நிறுத்தச் சொன்னவள் நான். பச்சை இலைகளோடு சல்மொனெல்லா போன்ற கிருமிகள் உள்ளே வரக்கூடும். காட்டு எலி ஓடிய தோட்டத்துக் கீரை ஒரு கூடத்தையே அழித்துவிடக்கூடும். அந்த ஆபத்து மெய்யானது, அதை இப்போதும் மறுக்க மாட்டேன். விற்றமின் சி சேர்த்துச் சிறு உருளைகளாக அழுத்திய பெலற் தீவனம் இருக்கும்போது கீரை எதற்கு என்று நினைத்தேன். மூட்டையில் "விற்றமின் சி சேர்க்கப்பட்டது" என்று அச்சிட்டிருந்ததை வாசித்த நான், அதன் தையலோரம் முத்திரையிட்டிருந்த உற்பத்தித் திகதியை வாசிக்கவில்லை. அன்று களஞ்சியத்துக்குப் போய்ப் பார்த்தபோது அந்தத் திகதி ஐந்து மாதங்களுக்கு முந்தியதாக இருந்தது. அந்த ஐந்து மாதங்களில் பெரும்பகுதியை மூட்டைகள் தகரக் கூரையின் கீழ், கொழும்பின் வெக்கையிலும் ஈரப்பதனிலும் கழித்திருந்தன.

எலியும் சுண்டெலியும் முயலும் தமக்கு வேண்டிய விற்றமின் சியைத் தம் ஈரலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதரைப் போலவே கினிப்பன்றிக்கும் அந்த ஆக்கத்தின் கடைசிப் படிக்குரிய நொதியம் இல்லை. 1907 இல் நோர்வேயில் அக்செல் ஹோல்ஸ்ற், தியொடோர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பலோட்டிகளுக்கு வந்த பெரிபெரி போன்ற ஒரு நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். வந்ததோ ஸ்கேவி, விற்றமின் சி இல்லாததால் ஈறு கசிந்து மூட்டு வீங்கும் நோய். மனிதருக்கு வரும் அந்த நோயை ஒரு விலங்கில் வரவழைத்து ஆராயலாம் என்று உலகம் அறிந்தது அப்படித்தான். நூறு வருடங்களுக்கும் மேலாகத் தெரிந்த அந்தப் பாடத்தை எங்கள் களஞ்சியம் எனக்கு மறுபடியும் கற்பித்தது. சினையாக இருந்த ஒன்பதில் நான்கு கருவைக் கலைத்தன, இரண்டு இறந்தன.

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் நாட்டின் காலநிலையில் இது யாருக்கும் நேரக்கூடியது. கினிப்பன்றியின் ஒவ்வொரு கிலோகிராம் உடல் நிறைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் விற்றமின் சி வேண்டும்; சினைக் காலத்தில் 30 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். சாதாரணமாகச் சேர்க்கப்படும் விற்றமின் சி, தீவனம் அரைத்து மூன்று மாதங்களுக்குள், அதுவும் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால்தான், நம்பத்தக்க அளவில் மிஞ்சும். நிலைப்படுத்திய வடிவத்தைச் சேர்த்த தீவனம் கூடுதல் காலம் தாங்கும். எது சேர்க்கப்பட்டது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. கிருமி நீக்குவதற்காகத் தீவனத்தை ஒட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் வைப்பவர்கள், அந்த வெப்பத்தில் விற்றமின் சியோடு தயமின் என்ற விற்றமின் பி1 உம் பெருமளவு அழிந்துபோகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

தண்ணீர்ப் போத்தலில் கரைத்துக் கொடுத்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கரைத்த விற்றமின் சி வெளிச்சத்திலும், குளோரின் கலந்த நீரிலும், உலோகக் குழாய் முனையிலும் ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பங்கை இழந்துவிடுகிறது. எந்த விலங்கு எவ்வளவு குடித்தது என்பதும் தெரியாது. சுவை பிடிக்காமல் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் விலங்குகளும் உண்டு. ஆகவே நோயுற்றவற்றுக்கு நாங்கள் ஊசியில்லாத சிரிஞ்சினால் வாயோரமாக அளந்து ஊட்டினோம். மற்றவற்றுக்குக் கொய்யாப்பழம் கொடுத்தோம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல் விற்றமின் சி இருக்கிறது. 800 கிராம் நிறையுள்ள சினைப் பெட்டைக்கு நாளொன்றுக்கு வேண்டிய 24 மில்லிகிராம், பத்துப் பன்னிரண்டு கிராம் கொய்யாவிலேயே கிடைத்துவிடும். ஒரு பழத்தை எட்டாகவோ பத்தாகவோ நறுக்கினால் அத்தனை விலங்குகளுக்குப் போதும். கங்குன் கீரையும் கொடுக்கிறோம். ஆனால் ஒரே தோட்டத்திலிருந்து வாங்கி, ஓடும் நீரில் மூன்று முறை கழுவி, ஈரம் வடிந்த பின்னரே கூட்டுக்குள் போகிறது. கழுவும் வேலையை அண்ணன் வேறு எவரிடமும் ஒப்படைப்பதில்லை.

மூன்றாம் நாளே முதற்பெட்டை முன்னங்காலை ஊன்றி வாளியின் ஓசைக்குத் தலையைத் தூக்கியது. அது பிழைத்தது. அன்றிலிருந்து எங்கள் நாளாந்தப் பதிவேட்டில் அண்ணன் தானாகவே "சத்தம்" என்று ஒரு நிரலைக் கோடிட்டுச் சேர்த்தார். எந்தக் கூடு காலையில் கத்தவில்லையோ அதன் இலக்கத்தை அதில் எழுதுவார். நிறை பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை. அந்த நிரல் பல தடவைகளில் தராசை முந்தி எங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

கினிப்பன்றியில் காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே இரண்டு மாதங்கள் கிடந்தன. எலிகளில் அந்த இடைவெளி எவ்வளவு நீளமாக இருக்கக்கூடும் என்பதை அறிய எனக்கு மேலும் நான்கு வருடங்கள் எடுத்தன.

எங்களிடம் இருப்பவை விஸ்டார் எலிகள். பிலடெல்பியாவிலுள்ள விஸ்டார் நிறுவனத்தில் 1906 அளவில் தொடங்கிய வளர்ப்பிலிருந்து உலகம் முழுவதும் பரவிய வெள்ளை எலி இது. இதனை "அவுட்பிரெட்" என்போம். அதாவது நெருங்கிய உறவுகள் சேராதபடி பார்த்து, ஒரு கூட்டத்துக்குள் மரபு வேறுபாடு குறையாமல் காப்பாற்றப்படும் வளர்ப்பு. இதற்கு மறுதலை "இன்பிரெட்": உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் குறைந்தது 20 தலைமுறைகள் இடைவிடாமல் இணைத்து, ஏறத்தாழ எல்லா விலங்குகளும் ஒன்றுபோலாகும் நிலைக்குக் கொண்டுவருவது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் அவுட்பிரெட் என்று பெயர்ப்பலகை போட்டுவிட்டு உள்ளே அறியாமல் உறவுக்குள் இணைத்துக்கொண்டிருப்பது, வாங்கிச் செல்லும் ஆய்வாளருக்குச் செய்யும் அநியாயம்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. டீசல் கிடைக்காததால் எங்கள் மின்பிறப்பாக்கியை ஓர் அறைக்கு மட்டுமே இயக்க முடிந்தது. 22 பாகையளவில் இருக்க வேண்டிய எலி அறை பிற்பகல்களில் 33, 34 பாகைக்குப் போனது. எலிக்கு வியர்ப்பதில்லை, அது வாலினால் வெப்பத்தை வெளிவிடும், எச்சிலை உரோமத்தில் பூசிக்கொள்ளும். கூடுகளின் தரையில் வாலை நீட்டி, வயிற்றைப் பரப்பி, மார்பு நனைந்து படுத்திருந்த அவற்றின் தோற்றம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஈரத்துணி தொங்கவிட்டோம், கூட்டுக்கு இரண்டாகக் குறைத்தோம், நள்ளிரவில் மின்சாரம் வந்தால் அந்த நேரத்திலேயே கூடு மாற்றினோம். பெரியவை பெரும்பாலும் தப்பின. கண்டம் தாண்டிவிட்டது என்று நாங்கள் மூச்சு விட்ட மே, யூன் மாதங்களில்தான் ஈற்றுகள் சுருங்கின. வழமையாகப் பத்துக் குட்டிகள் ஈனும் பெட்டைகள் நான்கும் ஐந்தும் ஈன்றன, சில சினைப்படவேயில்லை.

அந்த வேளையில் தீவனமும் மாறியிருந்ததால் எல்லோரும் தீவனத்தையே குற்றம் சாட்டினோம். பதிவேட்டைத் திகதி திகதியாகப் பின்னோக்கிப் பார்த்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. புதிதாக வாங்கிய இளம் ஆண்களோடு சேர்த்த பெட்டைகள் அதே தீவனத்தில் நன்றாகவே ஈன்றிருந்தன. வெக்கையைக் கடந்து வந்த ஆண்களின் கூடுகளே வெறுமையாகக் கிடந்தன. எலியின் விந்து உருவாகி முடிய ஏறத்தாழ 52 நாட்கள் எடுக்கும், அதன் பிறகு முதிர்வதற்கும் சில நாட்கள் வேண்டும். ஏப்ரலில் ஆண்களின் விதைகளைத் தாக்கிய வெப்பம் யூன் மாதத்து ஈற்றில் கணக்குத் தீர்த்தது. அந்த ஆண்களுக்கு இரண்டு மாத ஓய்வு கொடுத்துக் குளிர்ந்த அறையில் வைத்தபோது பெரும்பாலானவை மீண்டன. வெக்கைக்காலம் முடிந்தவுடன் ஆண்களைக் கழித்துவிடாமல் இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள் என்று இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

ஆனால் மீண்ட பிறகும் சராசரி பத்துக்கு வரவில்லை. எட்டுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. இதுதான் என்னை உறுத்தியது. ஒவ்வொரு மாதத்தின் சராசரியையும் ஐந்து வருடங்களுக்குத் தாளில் புள்ளியிட்டேன். வெக்கையின் பள்ளம் செங்குத்தாக விழுந்து செங்குத்தாக எழுந்திருந்தது. அதற்கு அடியில், 2018 இலிருந்தே, யாரும் கவனிக்காத மெல்லிய சரிவு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டென விழுந்தால் சூழலையும் தீவனத்தையும் நோயையும் தேடுவேன். வருடக்கணக்கில் வழுகினால் மரபைத் தேடுவேன். என் அனுபவத்தில் இந்தப் பிரிப்பு பெரும்பாலும் கைகொடுத்திருக்கிறது.

சிறிய கூட்டத்தில் உறவுக்கலப்பு ஏறும், ஏறினால் ஈற்று சுருங்கும். அதைப் பார்க்கும் கணக்கு எளிமையானது. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண்களின் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். பெண்களுக்கும் அவ்வாறே செய்து இரண்டையும் கூட்டினால், ஒரு தலைமுறையில் உறவுக்கலப்பு எவ்வளவு ஏறுகிறது என்பது கிடைக்கும். எங்களிடம் 6 ஆண்களும் 12 பெண்களும் இருந்தன. நாற்பத்தெட்டில் ஒன்று, தொண்ணூற்றாறில் ஒன்று. இரண்டும் சேர்ந்து 3.1 சதவீதம். சிறிய எண்ணாகத்தான் தெரிகிறது. பத்துத் தலைமுறைகளில் அது 27 சதவீதமாகிறது. உடன்பிறந்தவை இரண்டை ஒருமுறை இணைத்துப் பெறும் குட்டிக்கு இருப்பது 25 சதவீதம். உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் இணைப்பதற்கு நாங்கள் எவரும் உடன்பட்டிருக்க மாட்டோம். எண்ணிக்கையைக் குறைத்து வைத்ததனாலேயே, மெதுவாக, அதைத் தாண்டியும் சென்றிருந்தோம்.

மெய்யில் அதனினும் மோசமாக இருந்திருக்கும். புதிய தாய் தந்தைகளைத் தெரிவு செய்யும்போது பெரிய ஈற்றிலிருந்தும், கடிக்காமல் கைக்கு அடங்கும் குட்டிகளிலிருந்துமே எடுத்து வந்தோம். வேலைக்கு அது இலகு. அப்படிச் செய்ததில் இரண்டு மூன்று குடும்பங்களே கூடம் முழுவதையும் நிரப்பிவிட்டன. 25 சோடிகள் இருந்து, ஒவ்வொரு சோடியிலிருந்தும் அடுத்த தலைமுறைக்கு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் மட்டும் எடுத்தால், ஏற்றம் ஒரு சதவீதத்திலும் குறைவாகிவிடும். சிறந்த குடும்பம் என்று ஒன்றுக்கு மேலதிக இடம் கொடுக்கக் கூடாது. ஏழு குட்டி ஈன்றதும் பன்னிரண்டு ஈன்றதும் சமம். இதை ஏற்றுக்கொள்ள என் கைகளுக்கு நெடுநாள் பிடித்தது.

இப்போது எங்கள் சோடிகள் ஐந்து பிரிவுகளாக, ஐந்து நிற அட்டைகளோடு இருக்கின்றன. பெண்கள் பிறந்த பிரிவிலேயே தங்கும். ஆண்கள் அடுத்த பிரிவுக்கு நகரும், ஐந்தாவதின் ஆண்கள் முதலாவதுக்கு வரும். மஞ்சள் அட்டைக் கூட்டில் மஞ்சள் அட்டை ஆண் இருந்தால் தூரத்திலிருந்தே பிழை தெரிந்துவிடும். அதோடு, வேறொரு நிறுவனத்தின் வளர்ப்பிலிருந்து பத்து ஆண்களைப் பெற்று, வேறொரு கட்டடத்தில் நான்கு வாரங்கள் தனிமைப்படுத்தி, ஒட்டுண்ணியும் நோயும் இல்லை என்று மிருக வைத்தியர் கையெழுத்திட்ட பின்னர் சேர்த்தோம். மூன்றாம் தலைமுறையில் சராசரி மீண்டும் பத்தைத் தொட்டது.

அட்டைத் திகதியின் அருமையைக் கினிப்பன்றிகள் இன்னொரு வகையிலும் காட்டின. பெட்டை ஏழு மாதத்துக்கு முன்னர் முதன்முறை ஈனாவிட்டால் அதன் இடுப்பு முன்னெலும்பின் இணைப்பு இறுகிவிடும். பிறகு, உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும் அந்தப் பெரிய குட்டிகள் வெளியே வர வழியிருக்காது. சினைக்காலம் சராசரி 68 நாட்கள் என்பதால் நான்கு மாதத்திலேயே ஆணோடு சேர்த்துவிட வேண்டும். பிறந்த திகதி அட்டையில் அழிந்துபோன ஒரு பெட்டையை நிறையைப் பார்த்து இளையது என்று சேர்த்து, அதை இழந்தோம். அன்றிலிருந்து அட்டைகளில் பென்சிலால்தான் எழுதுகிறோம். கிருமிநாசினி பட்டால் மை கரைந்துவிடும்.

தீவனம் ஓர் ஆய்வையே கெடுத்த ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பட்டப்பின்படிப்புச் செய்த ஒரு தம்பி, பாகற்காய்ச் சாற்றினால் எலியின் குருதிக் குளுக்கோசு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தாள்களோடு வந்து, "அக்கா, மருந்து குடுக்காத குழுவே ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது," என்றார். கூட்டிலக்கங்களைத் தீவனப் பதிவோடு ஒப்பிட்டோம். பாதி எலிகள் பழைய மூட்டையிலும் பாதி புதிய மூட்டையிலும் வளர்ந்திருந்தன. சோளம் தட்டுப்பாடாக இருந்த காலம் அது. விற்பவர் சோளத்தைக் குறைத்துத் தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் கூட்டியிருந்தார், பையின் பெயரோ மாறவில்லை. தம்பியின் மூன்று மாத வேலை வீணாயிற்று. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்து என்னால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை.

இத்தகைய மாறுபாட்டைத் தவிர்ப்பதற்காகவே அமெரிக்காவில் ஏஐஎன்-93 என்ற, ஒவ்வொரு பொருளும் நிறுத்துச் சேர்க்கப்படும் உணவுச் சூத்திரம் 1993 இல் வெளியானது. வளர்ச்சிக்கும் சினைக்கும் உரியதில் கிலோவுக்கு 200 கிராம் கேசீன் என்ற பாற்புரதம், பராமரிப்புக்கு உரியதில் 140 கிராம். அதை எல்லா எலிகளுக்கும் கொடுக்க எங்கள் வரவுசெலவுத் திட்டம் இடம் தராது. எங்களால் முடிந்ததைச் செய்கிறோம்: ஓர் ஆய்வு தொடங்குமுன் அது முடியும்வரை தேவையான தீவனத்தை ஒரே தொகுதியில் கணக்கிட்டு எடுத்து வைக்கிறோம், ஒவ்வொரு தொகுதியிலும் அரைக் கிலோவைத் திகதியிட்டு உறைகுளிரில் வைக்கிறோம், பின்னர் சந்தேகம் வந்தால் பரிசோதிக்கலாம். கோழித் தீவனத்தை அவசரத்துக்கும் வாங்குவதில்லை. அதில் கலக்கும் சில இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

அந்தத் தம்பியின் ஆய்வைப் போன்றவற்றுக்கு இன்பிரெட் சுண்டெலி கேட்பவர்களிடம், பெயரின் கடைசி எழுத்துவரை எழுதித் தரும்படி கேட்கிறேன். சீ57 பிளக் 6 என்ற சுண்டெலி வகை ஒன்றன்று. ஜாக்சன் ஆய்வுகூடத்திலிருந்து 1951 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குச் சென்ற கிளை "என்". ஜாக்சனிலேயே தங்கிய கிளை "ஜே". பிற்காலத்தில் ஜேயில் என்என்ரீ என்ற பரம்பரையலகின் ஒரு பகுதி இல்லாமற்போய், அது குளுக்கோசைக் கையாளும் முறையே வேறாகியது. நீரிழிவு ஆய்வுக்கு ஒன்றைக் கட்டுப்பாடாகவும் மற்றதைச் சோதனைக்காகவும் வைத்தால் மருந்தின் பலன் எது, பிறப்பின் பலன் எது என்று பிரிக்க இயலாது.

பூஞ்சணத்துக்குத் தனியாக அஞ்ச வேண்டும். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குக் காரணம் நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு. எங்கள் தேங்காய்ப் புண்ணாக்கும் சோளமும் ஈரத்தில் அதே பூஞ்சணத்துக்கு நல்ல விளைநிலம், எலியின் ஈரல் அந்த நஞ்சுக்கு எளிதில் இரையாகும். மூட்டைகள் மரத்தட்டின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் விலகி இருக்கின்றன. புதிய மூட்டை வந்தால் அண்ணன் நடுவிலிருந்து ஒரு பெலற்றை எடுத்துக் காதருகே பிடித்து ஒடிப்பார். "டக்" என்று முறிந்தால் சரி. சத்தமில்லாமல் பிய்ந்தால் ஈரம் ஏறிவிட்டது. அதன் பிறகு முகர்ந்து பார்ப்பார். ஈரப்பதன் மானி வாங்கிய பிறகும் அவர் அதை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.

சென்ற மாதம் பெலற் ஏற்றிய லொறி வந்தது. பன்னிரண்டு மூட்டைகளில் ஏழின் தையலில் திகதி பத்து வாரங்களுக்கு முந்தியது; கொடுத்து முடிக்குமுன் மூன்று மாதம் கடந்துவிடும். சாரதி, "இவ்வளவு தூரம் வந்திட்டேனே, வைச்சிருங்க மிஸ்," என்று கெஞ்சினார். ஐந்தை மட்டும் இறக்கி, ஏழையும் திருப்பி அனுப்பினேன். மிச்சப் பெலற் வரும்வரை கினிப்பன்றிகளுக்கு வைக்கோலும் கீரையும் கணக்குப் பார்த்துப் பிரித்துவிட்டு, மாலையில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய், செங்காயாகப் பார்த்து நான்கு கிலோ கொய்யா வாங்கினேன்.